கத்திரி வெயிலில் விரிந்த ஸ்லைடு: ஒரு கேஸ் ப்ளோபேக் துப்பாக்கியின் நிகழ்வு ஆய்வு

இரண்டு பேருக்கு நடுவே ஒரு விளையாட்டுத் துப்பாக்கியால் வந்த பணத் தகராறு இது. ஒருவர் சென்னையில் சினிமாவுக்குச் சாமான்கள் வாடகைக்கு விடுபவர். இன்னொருவர் ஆற்காட்டுப் பையன், குறும்படம் எடுப்பவர். மே மாதத்தில், கத்திரி நடுவில், ராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தோல் ஷெட்டிலும் பாலாற்று மணலிலும் படப்பிடிப்பு நடந்தது. துப்பாக்கி திரும்பி வந்தபோது ஸ்லைடில், அதாவது சுடும்போது பின்னால் போய்வரும் மேல்பகுதியில், விரிசல். "பசங்க புரொப்பேன் போட்டு ஒடச்சிட்டானுங்க" என்று வாடகைக்காரர் முன்பணத்தைத் தர மறுத்தார். "நீங்க குடுத்த கேனைத் தவிர வேற எதையும் தொடலண்ணே" என்று பையன் அடித்துச் சொன்னார்.

நான் வேலூரில் கார் ஏசி வேலை பார்க்கிறவன். என்னிடம் இது ஏன் வந்தது என்றால், அந்தக் கேனில் ஹெச்எஃப்சி-134ஏ என்று போட்டிருந்தது. காருக்கு நாங்கள் ஏற்றும் ஆர்-134ஏ கேஸ் அதேதான். பையனின் மாமா என் பழைய வாடிக்கையாளர். கேஸ் விவகாரம் என்றதும் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். இந்த வகை ரெப்ளிகாக்களைப் பிரித்துப் பூட்டும் ஆசை எனக்கு ஏற்கெனவே உண்டு என்பதால் ஒத்துக்கொண்டேன். ஒரே நிபந்தனை, இரண்டு பேரும் நேரில் இருக்க வேண்டும். பிரிக்கும்போது இரண்டு பேரும் பார்க்க வேண்டும்.

வந்த பொருள்

1911 மாடல் கைத்துப்பாக்கியின் ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டு வகை) நகல், ஜப்பானியத் தயாரிப்பு. கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறேன். அதில் குற்றம் எதுவும் இல்லை என்பது பின்னால் தெரியும். அசல் 1911 என்பது ஜான் பிரவுனிங் வடிவமைத்து, அமெரிக்க ராணுவம் 1911-இல் எடுத்துக்கொண்ட .45 துப்பாக்கி, முழுக்க எஃகு, மேகசீனில் ஏழு தோட்டா. நகலுக்கும் அதற்கும் வெளித்தோற்றம் மட்டும்தான் பொது. உள்ளே 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு ஓடும் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று. குண்டின் எடை வழக்கமாக 0.20 அல்லது 0.25 கிராம். வெடிமருந்து கிடையாது. மேகசீனின் வயிற்றில் திரவமாக நிற்கும் கேஸ்தான் மொத்தச் சக்தியும்.

ஸ்லைடு ஏபிஎஸ் பிளாஸ்டிக். கையில் வாங்கிய உடனே பையனுக்கு ஏமாற்றமாம், "உலோகம்னு நெனச்சேன்" என்றார். பிளாஸ்டிக்காக இருப்பதற்குக் காரணம் சிக்கனம் இல்லை, சட்டம். 1971-இல் ஜப்பான் தன் துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தி, உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கி மாடல்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டது; வெள்ளை அல்லது மஞ்சள் பூச வேண்டும், குழலை அடைக்க வேண்டும். அதனால் அங்குள்ள கம்பெனிகள் பிளாஸ்டிக்குக்குப் போயின. 2006 திருத்தம் குண்டின் வேகத்தையும் கட்டியது, 6 மி.மீ. குண்டுக்கு ஒரு ஜூலுக்குச் சற்றுக் கீழேதான் எல்லை. 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் போனால் சரியாக ஒரு ஜூல், அவ்வளவுதான் கணக்கு. இப்படி வலு குறைந்த ஸ்லைடுக்கு அழுத்தம் குறைந்த கேஸ் வேண்டும். 134ஏ அங்கே தேர்வானது இதனால்தான். தைவான் தயாரிப்புகள் பல உலோக ஸ்லைடோடு வருவதும், அவற்றில் 'கிரீன் கேஸ்' என்ற பெயரில் சிலிக்கான் எண்ணெய் கலந்த புரொப்பேனை ஏற்றுவதும் வேறொரு கணக்கு.

வாடகைக்காரரின் சந்தேகம் ஒன்றும் வீம்பு இல்லை. பிளாஸ்டிக் ஸ்லைடு உடைந்தால் முதலில் புரொப்பேனைச் சந்தேகிப்பது இந்தத் துறையில் எல்லாரும் செய்வதுதான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

விரிசலைப் புரிந்துகொள்ள ஒரு சுற்று எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். இந்தப் பொருளில் எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

ட்ரிகரை இழுத்தால் ஹேமர் என்ற சின்னச் சுத்தியல் விழுகிறது. அசலில் அது ஊசியைத் தட்டித் தோட்டாவை வெடிக்கவைக்கும். இங்கே ஒரு சின்ன நெம்புகோலைத் தட்டுகிறது. அது மேகசீனின் முதுகில் இருக்கும் வால்வை உள்ளே தள்ளித் திறந்த நிலையிலேயே பிடித்துவைக்கிறது. கேஸ் மேகசீன் தலையில் உள்ள ரப்பர் வாய் வழியாக மேலே ஏறி, ஸ்லைடுக்குள் முன்னும் பின்னும் நகரும் நாசிலுக்குள் போகிறது. நாசிலுக்குள் ஒரு விரல்நுனி அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் வால்வு மிதந்துகொண்டிருக்கிறது. மொத்த மூளையும் அதில்தான். முதலில் அது முன்பக்க வழியைத் திறந்து வைத்திருக்கும். கேஸ் முன்னால் பாய்ந்து குண்டைத் தள்ளும். குண்டு நகர்ந்து முன்பக்க அழுத்தம் சரிந்ததும் கேஸின் ஓட்டமே அந்த வால்வை முன்னால் இழுத்து வழியை மூடிவிடும். இனி கேஸுக்குப் போக்கிடம் பின்பக்கம் மட்டும். பிஸ்டனை அழுத்துகிறது, பிஸ்டன் ஸ்லைடோடு பூட்டியிருப்பதால் ஸ்லைடு பின்னால் பாய்கிறது. ப்ளோபேக் என்பது இதுதான்.

பின்னால் போகும் ஸ்லைடு ஹேமரை மறுபடி நிமிர்த்துகிறது, நெம்புகோலை விடுவித்து வால்வை மூடவைக்கிறது, கடைசியில் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் (ஃபிரேம்) முட்டி நிற்கிறது. முன்னால் இருக்கும் ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளும்போது நாசில் அடுத்த குண்டை மேகசீன் உதட்டிலிருந்து உருவிக் குழலின் வாயில் செருகுகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். மேகசீன் காலியானால் உள்ளிருக்கும் தள்ளுகட்டை மேலே வந்து ஸ்லைடு ஸ்டாப் நெம்பை உயர்த்தும். அது ஸ்லைடில் வெட்டியிருக்கும் காடியில் மாட்டும். ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிடும்.

படம் எடுப்பவர்கள் இந்த வகையைத் தேடி வாங்குவது ஸ்லைடு அசைவுக்காக. குண்டே போடாமல் கேஸில் ஓட்டினாலும் ஸ்லைடு அசல் மாதிரி அடிக்கும், கை குலுங்கும். நெருப்பையும் சத்தத்தையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். பையனின் கதையில் முக்கியமான ஷாட்டே, கடைசித் தோட்டா தீர்ந்து ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்வதும், ஹீரோ அதைக் குனிந்து பார்ப்பதும்தானாம். அந்த ஷாட்டில்தான் எல்லாம் சொதப்பியது.

புகார்கள்

இரண்டு பேரையும் தனித்தனியாகப் பேசவைத்தேன். பணத்தைப் பற்றிப் பேசாமல், துப்பாக்கி என்ன செய்தது என்று மட்டும் கேட்டேன். பையன் சொன்னது இது. காலையில் நன்றாக ஓடியது. மத்தியானம் வண்டியிலிருந்து எடுத்து வந்தால் முதல் இழுப்பில் 'டிக்' என்று ஹேமர் சத்தம் மட்டும் வரும், ஒன்றும் நடக்காது. மறுபடி மறுபடி இழுத்தால் திடீரென்று பிடித்துக்கொள்ளும். அப்போது அடி பயங்கரமாக இருக்கும், "கைய ஒதறி உட்டுச்சுண்ணா". ஸ்லைடு கடைசியில் பூட்டவே பூட்டாது. பத்துப் பதினைந்து தடவைக்கு அப்புறம் பலம் குறைந்து சாதுவாகிவிடும். அந்த நேரத்தில் சில சமயம் ஸ்லைடு பூட்டியும் இருக்கிறது. இடைவேளையில் பசங்கள் குண்டு போட்டு மணலில் பாட்டிலைக் குறிவைத்தார்களாம். குண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து போனதாம்.

வாடகைக்காரர் சுருக்கமாகச் சொன்னார். விரிசல், காடி தேய்ந்துபோனது, ஒரு மேகசீனில் அடியில் கசிவு. "இதுக்கு மேல இன்னா வேணும் உங்களுக்கு?"

பையன் சொன்னதில் 'டிக்' சத்தம்தான் என்னை உட்காரவைத்தது. கேஸ் தீர்ந்துபோன மேகசீனும் அப்படித்தான் செய்யும். ஆனால் தீர்ந்துபோன மேகசீன், கொஞ்ச நேரத்தில் தானாகக் கையை உதறாது. ஹேமர் வால்வைத் திறக்க முடியாமல் நிற்க இன்னொரு வழி, உள்ளே அழுத்தம் மிதமிஞ்சி இருப்பது. வால்வை உள்ளிருந்து மூடிப் பிடிப்பதே அந்த அழுத்தம்தான். அது ஹேமர் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டினால் தட்டல் வீண். இந்த ஒரு குறியே போதும், அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. மிச்சம், அது புரொப்பேனால் ஏறியதா, வேறு எதனாலாவதா என்பது.

கேஸ் எது

அதிர்ஷ்டவசமாக இரண்டு மேகசீனிலும் படப்பிடிப்பின்போது ஏற்றிய கேஸ் மிச்சமிருந்தது. குலுக்கினால் திரவம் தளும்பும் சத்தம். வாடகைக்காரர் நடுவில் மாற்றியிருப்பாரோ என்று பையன் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. புரொப்பேன் என்று நிரூபிக்கத் துடிப்பவர் அதை எடுத்துவிட்டு 134ஏ ஏற்றிக்கொண்டு வரமாட்டார் என்றதும் அடங்கிவிட்டது.

திரவமும் ஆவியும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம், அது என்ன கேஸ், எவ்வளவு சூடு. பாத்திரம் பெரிதா சிறிதா, பாதி நிறைந்ததா கால் நிறைந்ததா என்பது கணக்கிலேயே வராது. ஏசி மெக்கானிக்குகள் சட்டைப் பையில் வைத்திருக்கும் அட்டவணை இதற்குத்தான். ஆர்-134ஏ 20 டிகிரியில் சுமார் 68 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டும், 30-இல் 97, 40-இல் 133. புரொப்பேன் 20 டிகிரியிலேயே 107-ஐத் தொடும், 30-இல் 142, 40-இல் 184. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

காட்பாடியில் ஒரு லேத் பட்டறையில் மேகசீனின் கேஸ் ஏற்றும் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி பித்தளையில் ஓர் இணைப்பு கடைந்து வாங்கி, அதை ஏசி அழுத்தம் பார்க்கும் என் மேனிபோல்ட் கேஜில் மாட்டினேன். மேகசீனை பாலித்தீன் பையில் சுற்றித் தண்ணீரில் அமிழ்த்தி, தெர்மாமீட்டரையும் கூடவே விட்டோம். ஐஸ் போட்ட தண்ணீர் 20 டிகிரிக்கு. தரைத்தொட்டித் தண்ணீர் சும்மாவே முப்பதை ஒட்டி இருந்தது. நாற்பதுக்கு அடுப்பு தேவைப்படவில்லை. மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரைக் குழாயில் பிடித்தால் போதும், வேலூரில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தண்ணீரிலும் மேகசீன் முழுக்கச் சூடு ஏறி நிலைக்கும்வரை காத்திருந்து முள்ளைப் பார்த்தோம். எழுபதை ஒட்டி நின்றது, அப்புறம் நூறுக்குச் சற்றுக் கீழே, கடைசியில் நூற்று முப்பதைத் தாண்டி. இரண்டு மேகசீனும் அப்படியே. முள் 134ஏ அட்டவணையை ஒட்டியே நடந்து போனது.

வாடகைக்காரர் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு, அதையும் அங்கேயே சொல்லிவிட்டேன். மேகசீனில் கடைசியாக இருந்த கேஸை மட்டும்தான் இது காட்டும். நடுவில் புரொப்பேன் போட்டு, முழுவதும் வெளியேற்றிவிட்டு 134ஏ ஏற்றியிருந்தால் கேஜுக்குத் தெரியாது. அரைகுறையாகக் கலந்திருந்தால் முள் அந்த அட்டவணை அளவைத் தாண்டி நின்றிருக்கும். அதனால் அடுத்த கேள்வி, புரொப்பேனே இல்லாமல் வெறும் 134ஏ இந்த ஸ்லைடை உடைக்குமா?

நாற்பது டிகிரியில் 134ஏ

அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். 40 டிகிரியில் 134ஏ காட்டும் 133 பிஎஸ்ஐ, ஏறக்குறைய 27, 28 டிகிரியில் புரொப்பேன் காட்டுவது. 'புரொப்பேன் போட்டால் உடையும்' என்று எல்லாரும் எச்சரிப்பது மிதமான சூட்டில் இருக்கும் புரொப்பேனை மனதில் வைத்துத்தான். கத்திரியில், நிழலிலேயே, ஜப்பான்காரர் சொன்ன அதே கேஸைப் போட்டாலும் அந்த எச்சரிக்கைக்குள் வந்து நிற்கிறோம். கேன் சரி, கேஸ் சரி, கைப்புத்தகத்தில் உள்ளதும் சரி. வேலூரின் மே மாதத்தை மட்டும் யாரும் அதில் எழுதவில்லை.

நிழலில் இருந்திருந்தாலே இப்படி. துப்பாக்கி இருந்ததோ, வெயிலில் நின்ற காரின் பின்சீட்டில், கறுப்புப் பெட்டிக்குள். ஜன்னல் ஏற்றிய கார் கத்திரி வெயிலில் எவ்வளவு சூடாகும் என்பது என் தொழில்; உள்ளே ஐம்பது, அறுபது சாதாரணம். மேகசீன் 55 டிகிரிக்கு வந்திருந்தால் 134ஏ 200 பிஎஸ்ஐயைத் தாண்டும். இருபது டிகிரியில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புரொப்பேனே ஆனாலும் 43, 44 டிகிரிக்குப் போனால்தான் அந்த அழுத்தத்தைக் கொடுக்கும்.

இனி புகார்களைத் திரும்ப வரிசையாகப் பார்த்தால் எல்லாம் தானாக வந்து உட்காருகிறது. காரிலிருந்து எடுத்ததும் ஹேமர் தோற்கிறது, 'டிக்'. கையில் வைத்து முயன்றுகொண்டிருக்கும்போது கொஞ்சம் ஆறி, வால்வு திறக்கும் எல்லைக்கு வருகிறது. ஆனால் அந்த எல்லை என்பதே ஸ்லைடு தாங்கும் எல்லைக்கு வெகு மேலே. ஸ்லைடு வெறியோடு பின்னால் போய் முட்டுகிறது. விரிசல் விழுந்திருந்த இடம் தோட்டா ஓடு வெளியேறும் ஜன்னலின் முன்மூலை. ஜன்னலுக்காக ஒரு பக்கச் சுவரை வெட்டிய பிறகு, முழு அடியையும் வாங்குவது அந்த மூலைதான். காடி தேய்ந்தது, ஸ்டாப் நெம்பு முழுதாக ஏறுமுன்னே ஸ்லைடு திரும்பிவிடுவதால். பாதி ஏறிய நெம்பின் முனை ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் காடியின் விளிம்பைச் செதுக்கிக்கொண்டு போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது அந்த விளிம்பு உருண்டு, அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

'பத்துப் பதினைந்துக்கு அப்புறம் பலம் குறைந்தது' என்பதுதான் எனக்குச் சிரிப்பு வரவழைத்தது. பலம் குறையவில்லை, அப்போதுதான் துப்பாக்கி தன் இயல்புக்கு வந்திருக்கிறது. திரவம் ஆவியாக மாறும்போது சூட்டை இழுக்கிறது. 134ஏ ஒரு கிராம் ஆவியானால் 180 ஜூல் அளவுக்கு உறிஞ்சும், புரொப்பேன் என்றால் 340. ஒரு குண்டுக்குப் போய்ச் சேரும் சக்தி ஒரு ஜூல்கூட இல்லை என்பதோடு இதை வைத்துப் பாருங்கள், இந்த விளையாட்டில் குளிர்ச்சியே பெரிய வேலை என்று தெரியும். 300 கிராம் துத்தநாகக் கலவை மேகசீன் ஒன்றை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 120 ஜூல் போதும். ஆக, ஒவ்வொரு கிராம் 134ஏ போகும்போதும் மேகசீன் ஒன்றரை டிகிரி இறங்குகிறது. ஜப்பான் குளிர்காலத்தில் இந்தக் குணம் தொல்லை. வேகமாகச் சுட்டால் அழுத்தம் விழுந்து துப்பாக்கி மூச்சிழக்கும். இங்கே அதுதான் மருந்தாக வேலை செய்திருக்கிறது. ஸ்லைடு சில சமயம் பூட்டியதும் அந்த ஆறிய நேரத்தில்தான்.

12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் வகையும் உண்டு, அதைப் பற்றிப் பையன் கேட்டார். 31 டிகிரிக்கு மேலே கார்பன் டை ஆக்சைடு திரவமாகவே நிற்காது. நம் ஊரில் ஆண்டில் பாதி மத்தியானம் அதற்கு மேல்தான். 20 டிகிரியிலேயே அது 800 பிஎஸ்ஐ. அதற்கென்றே செய்த வால்வும் உலோகமும் இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் ஏன் இருந்தது

"கார்ல ஏன் போட்டு வெச்ச? நிழல்ல வெக்கறதுக்கு இன்னா?" என்று வாடகைக்காரர் மறுபடி பாய்ந்தார். பையன் ஃபோனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். வாடகைக்காரரின் குரல்தான்: ஷாட் இல்லாத நேரத்தில் துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது, பெட்டியில் பூட்டி வண்டிக்குள் வைக்க வேண்டும், யார் கண்ணிலும் படக் கூடாது.

அவர் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் இறக்குமதியாகும்போதே குழல் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டதற்குக் காரணம் அதுதான். படப்பிடிப்புக்கு வரும் பொருளில் அந்த நிறம் இருக்காது. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள் என்று இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் காற்றுத் துப்பாக்கிக்கு எல்லை 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ., கூடவே 20 ஜூல். ஏர்சாஃப்டின் சக்தி அதில் இருபதில் ஒரு பங்குதான், ஆனால் குழல் 6 மி.மீ. வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைக்கலாம் என்று நினைக்கும் பசங்கள் இந்த ஓர் அளவை யோசிப்பதே இல்லை. வாடகைக்காரர் தன் பொருளுக்கான காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறவர், அந்த வகையில் கெட்டிக்காரர். பாலாற்றுக் கரையில் மாடு மேய்ப்பவர் ஒருவர் பார்த்துவிட்டு ஊருக்குள் சொல்ல, கூட்டம் கூடி, காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைக் காட்டித்தான் பையன் வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

ஆக, ஊர் பயப்படக் கூடாது என்று மூடி வைத்ததே மேகசீனைச் சூடாக்கியிருக்கிறது. மூடி வைப்பது என்றால் துப்பாக்கியை மூடினால் போதும். மேகசீனைக் கழற்றி, கேஸ் இல்லாமல், அல்லது தனியே குளிர்ந்த இடத்தில் வைத்திருக்கலாம். மேகசீன் மட்டும் தனியாக இருந்தால் அதைப் பார்த்து எவரும் ஓடப்போவதில்லை. இதை வாடகைக்காரரும் சொல்லவில்லை, பையனுக்கும் தோன்றவில்லை.

வளைந்த குண்டும் கசிந்த மேகசீனும்

குண்டு வளைந்தது வேறு கதை, சீக்கிரம் முடிந்தது. குழலின் பின்வாயில் ஹாப்-அப் என்ற ரப்பர் மேடு ஒன்று இருக்கும். குண்டின் உச்சியை அது லேசாக உரசி, பின்னோக்கிச் சுழலவைக்கும். அந்தச் சுழற்சியால் காற்று குண்டைத் தூக்கிப் பிடிக்கும். மேக்னஸ் விளைவு என்று பள்ளிப் பாடத்தில் வருவது. ஒரு ஜூலும் இல்லாத குண்டு நாற்பது ஐம்பது மீட்டர் போவது அந்த உபகாரத்தால். ரப்பரில் எண்ணெய் பட்டால் உரசல் ஒரு பக்கம் இருக்கும், ஒரு பக்கம் வழுக்கும். குண்டு இஷ்டத்துக்குத் திரும்பும். யாரோ நல்லெண்ணத்தில் தையல் மிஷின் எண்ணெயைக் குழலுக்குள் விட்டிருந்தார்கள். யார் என்று இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரப்பரை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டினேன். இந்த இயந்திரத்துக்குள் போகவேண்டியது சிலிக்கான் எண்ணெய் மட்டும், அதுவும் ஓ-ரிங்குகளுக்கும் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) ஸ்லைடு ஓடும் தடத்துக்கும். குழலுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

பாட்டிலைக் குறிவைத்த பசங்கள் யாரும் கண்ணாடி போடவில்லை என்பது பேச்சுவாக்கில் வந்தது. அதற்கு மட்டும் நான் குரலை உயர்த்தினேன். ஒரு ஜூல் தோலில் பட்டால் சிவந்து தடிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். 200 பிஎஸ்ஐயில் அந்தக் குண்டு ஒரு ஜூலோடு நின்றிருக்கும் என்று எவரும் எனக்கு உத்தரவாதம் தரமுடியாது.

மேகசீனில் கசிவு அடிப்பலகையின் ஓ-ரிங்கில். சோப்பு நுரை போட்டதும் குமிழ் அங்கேதான் கிளம்பியது. சூட்டில் அழுந்தி, ஆறியதும் பழைய உருண்டைக்குத் திரும்பாமல் தட்டையாகிப் போன ரப்பர். கார் ஏசிக் குழாய்களில் நான் தினமும் பார்க்கும் அதே நோய். 134ஏ-க்கு ஒத்துவரும் பச்சை நிற ஓ-ரிங் என் கடையில் டப்பா டப்பாவாக இருக்கிறது. ஆனால் அளவு கால் மில்லிமீட்டர் தடிமன் கூட. திணித்தால் அடிப்பலகைத் திருகு முழுதாக இறங்காது, அழுத்தத்தில் அது பிய்த்துக்கொண்டால் கையில் இருப்பவர் கதி என்ன? அதைப் பூட்டாமல், கேஸை வெளியேற்றி, சிவப்பு டேப் ஒட்டித் தனியே எடுத்து வைத்துவிட்டேன். வெளியேற்றும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. 134ஏ ஒரு கிலோ காற்றில் கலப்பது 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலப்பதற்குச் சமம் என்று எங்கள் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். காரிலிருந்து எடுத்தால் மெஷினில் திரும்பப் பிடிப்போம். இங்கே சுடுவது என்றாலே காற்றில் விடுவதுதான்.

தீர்ப்பு என்று சொல்ல முடியாத ஒன்று

பையன் புரொப்பேன் போட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. போடாமலே இவ்வளவும் நடக்கும் என்பதற்குக் கேஜும் அட்டவணையும் சாட்சி. இதை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கொடுத்தேன். பணத்தில் நான் தலையிடவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே அவர்களே பேசி, புது ஸ்லைடின் விலையில் பாதியைப் பிடித்துக்கொண்டு மிச்ச முன்பணத்தைத் திருப்பித் தருவதாக முடிவாயிற்று. பாதிகூட அதிகம் என்பது என் கருத்து. கேஸ் ஏற்றிய மேகசீனை வண்டிக்குள் பூட்டச் சொன்னவர் பொறுப்பு பெரியது. ஆனாலும், 'டிக்' என்று நின்ற பிறகும் மறுபடி மறுபடி இழுத்த கை பையனுடையதுதானே.

உலோக ஸ்லைடாகவே வாங்கிப் போட்டுவிடலாமா என்று வாடகைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். எடை கூடினால் அடிக்கும் வேகம் குறையும், ஆனால் முட்டும் இடத்தில் உடற்சட்டம் இன்னும் பிளாஸ்டிக்தான்; உடைவது ஸ்லைடிலிருந்து உடற்சட்டத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கை மட்டும் சற்றுக் கடினமானதாக மாற்றச் சொன்னேன். பின்னால் முட்டும் வேகத்தைக் கொஞ்சம் அடக்கும். மற்றபடி பழைய பிளாஸ்டிக் ஸ்லைடு, 134ஏ, கூடவே மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று. மேகசீன் மட்டும் அதற்குள், துணியில் சுற்றி, பக்கத்தில் ஒரு குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலோடு. ஐஸ் மேல் நேரடியாக வேண்டாம். பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் ஸ்லைடு பாதி தூரம்தான் வரும். கையில் பிடித்தால் சில்லென்று இல்லாமல், சூடும் தெரியாமல் இருந்தால் போதும், தெர்மாமீட்டர் தேவைப்படாது.

ஸ்லைடு வந்து சேர ஆடி மாதம் ஆகிவிட்டது. விட்டுப்போன ஷாட்டை அதே தோல் ஷெட்டில் விடிகாலையில் எடுத்தார்கள். மேகசீனில் குண்டு இல்லை, குழல் காலி என்று கேமராமேன் உட்பட எல்லாரும் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நடிகர் கையில் கொடுத்தார்களாம். ஸ்லைடு ஒழுங்காகப் பூட்டியது என்று பையன் ஃபோனில் சொன்னார். சிவப்பு டேப் ஒட்டிய மேகசீன் இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது. சரியான அளவில் ஓ-ரிங் கிடைத்ததும் வாடகைக்காரருக்கு அனுப்ப வேண்டும்.